கனத்த குழல் .22 துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வார இறுதியில் சுடுதளத்துக்குப் போகும் எங்களில் பலருக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர், செம்பனை ஆலையில் பிட்டர் வேலை பார்ப்பவர் என்று கூடும் இக்குழு, சுடுவோர் கழகத்தின் ஆயுத அறையில் இருக்கும் ஒரே கனத்த குழல் .22 (குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம்) துப்பாக்கியைத்தான் முறை வைத்துச் சுடுகிறது. செக் நாட்டுச் சி.இசட். நிறுவனத்தின் 457 வார்மின்ட் என்னும் அந்தத் துப்பாக்கி, முயல், தரையணில் போன்ற பயிரழிக்கும் சிறு உயிரினங்களைத் தொலைவிலிருந்து சுடும் வெளிநாட்டு வழக்கத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. நம் ஊரில் அதற்கு அந்த வேலை இல்லை. செம்பனைத் தோட்டத்து எலியைக் கூகை ஆந்தைக்குக் கூடு வைத்தும் விஷ உருண்டை போட்டும் கட்டுப்படுத்துகிறார்கள். காட்டுப்பன்றி விஷயத்தில் உரிமம் பெற்ற ஷாட்கன்தான் பேசும். ஆகவே எங்கள் கையில் அது 50 மீட்டரில் தாளைத் துளையிடும் கருவி மட்டுமே. அந்தத் துளைகள் எவ்வளவு நெருங்கி விழும் என்பது, நல்ல குழல் ஒன்று கையில் வந்துவிட்ட பிறகு, பெரும்பாலும் தோட்டாவைப் பொறுத்தது. ஆண்டுக் கொள்முதலுக்கு எந்தத் தோட்டாவை எழுதிக் கொடுப்பது என்று கழகத்தில் பேச்சு எழுந்திருப்பதால், இருக்கும் வழிகளை நிறுத்துப் பார்த்து எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எளிது. கடைக்குப் போய்ப் பத்து வகையில் பத்துப் பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்ததை மறுவாரம் வாங்கிக்கொள்வார். இங்கே 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் துப்பாக்கியைப் போலவே தோட்டாவும் உரிமத்துக்கு உட்பட்டது. அனுமதியில் குறித்த அளவுக்குள், அனுமதி பெற்ற வணிகரிடம்தான் வாங்க முடியும்; வாங்கியதற்கும் சுட்டதற்கும் கணக்கு இருக்க வேண்டும். இந்தக் கண்டிப்பின் வேர் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்தே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவசரகால விதிகளின்படி ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார் என்பதை இங்குள்ள தமிழர் மறந்துவிடவில்லை. அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே இப்போதைய சட்டமும் வந்தது. ஒரு தோட்டா கணக்கில் குறைந்தாலும் கேள்வி வரும் நாட்டில், சோதனைக்கென்று செலவழிக்கும் ஒவ்வொரு பெட்டியும் முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும். ஒப்பீட்டின் மற்ற எல்லா அம்சங்களும் இந்த நிபந்தனைக்குள்தான் அடங்குகின்றன.

ஆலையிலிருந்து வரும் .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டாக்களைத் துல்லியத்தின் நோக்கில் மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம். முதலாவது, மொத்தமாக விற்கப்படும் மலிவான அதிவேகத் தோட்டா. இரண்டாவது, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கிளம்பும் சீர்வேகத் தோட்டாக்களின் நடுத்தர விலை வகுப்பு, சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ், ஈலி கிளப் ஆகியவை இதில் சேரும். மூன்றாவது, ஈலி டெனெக்ஸ், லாபுவா மிடாஸ் பிளஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர் 50 போன்ற உயர்தரப் போட்டித் தோட்டா.

அதிவேக வகுப்பை முதலிலேயே தள்ளிவிடலாம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் மலிவு மட்டுமல்ல, ஒலியின் வேகமும்கூட. 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் எடையுள்ள குண்டு, அதிவேகத் தோட்டாவில் வினாடிக்கு ஏறத்தாழ 375 மீட்டர் வேகத்தில் குழல்வாயை விட்டுக் கிளம்புகிறது. நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு 349 மீட்டர். மழுங்கிய மூக்குடைய அந்த ஈயக் குண்டு வெகுவிரைவில் வேகம் இழப்பதால், 50 மீட்டர் இலக்கை எட்டுவதற்கு முன்பே ஒலியின் வேகத்தைக் கீழ்நோக்கிக் கடந்துவிடுகிறது. அந்த எல்லையில் குண்டைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் நிலையின்றி மாறி, குண்டைச் சற்றே தள்ளாடச் செய்கிறது. பக்கக் காற்றிலும் அதிவேகக் குண்டுதான் அதிகம் விலகுகிறது. வேகமாகப் போவது காற்றில் குறைவாகத்தான் விலகும் என்று எண்ணத் தோன்றும்; ஆனால் விலகலை நிர்ணயிப்பது குண்டு வழியில் இழக்கும் வேகமே. ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றின் தடை திடீரென்று கூடுவதால், அங்கிருந்து புறப்படும் குண்டு காற்றுக்கு அதிகம் இடம் கொடுத்துவிடுகிறது.

சீர்வேகத் தோட்டாவோ வினாடிக்கு 326 முதல் 331 மீட்டருக்குள்தான் கிளம்புகிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில், பனி உறையும் வெப்பநிலையில், ஒலியின் வேகமே 331 மீட்டருக்கு இறங்கிவிடும். அங்கே சில தோட்டாக்கள் எல்லைக்கோட்டில் நிற்கும். நம் வெப்பத்தில் அந்தக் கவலை இல்லை. முழுப் பாதையையும் அவை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே கடக்கின்றன. வெயில் நமக்குச் செய்யும் சில நன்மைகளில் இதுவும் ஒன்று. இதற்கு நேர்மாறான முனையில் இருக்கும் சி.சி.ஐ. ஸ்டிங்கர் தோட்டாவைப் பற்றியும் ஒரு சொல்: 32 கிரெயின் குண்டை வினாடிக்கு 500 மீட்டரில் அனுப்பும் அதன் பித்தளைக் கூடு வழக்கமான .22 எல்.ஆர். கூட்டைவிடச் சற்று நீளமானது. தோட்டா உட்காரும் குழலின் பின்முனை போட்டிக்கென்று இறுக்கமாகக் குடையப்பட்ட, அதாவது போட்டி அறை கொண்ட துப்பாக்கியில் அதைப் போடக் கூடாது. யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் கழகத் துப்பாக்கிக்கு அது வேண்டாம்.

ஆக, உண்மையான போட்டி இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையில்தான். இவை இரண்டுக்கும் குண்டின் எடை ஒன்று, வேகமும் ஏறத்தாழ ஒன்று. வித்தியாசம் இருப்பதெல்லாம் ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் உள்ள ஒற்றுமையில். .22 தோட்டாவின் அமைப்பே அந்த ஒற்றுமையைக் கடினமாக்குகிறது. பெரிய தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து நடுவில் தனிச் சிமிழாக இருக்கும். இதிலோ அது கூழ்ப் பதத்தில் கூட்டுக்குள் இடப்பட்டு, கூட்டைச் சுழற்றி அடிவிளிம்பின் உட்பள்ளத்துக்குள் பரப்பப்படுகிறது. விளிம்பில் ஓரிடத்தில் மருந்து சற்றுக் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருந்தால், ஊசி எங்கே அடிக்கிறதோ அதற்கேற்பப் பற்றும் வேகம் மாறும். போதாததற்கு, கூட்டுக்குள் இருப்பது கொஞ்சமே கொஞ்சம் வெடிமருந்து. அதில் இம்மி கூடிக் குறைந்தாலும் குண்டின் வேகத்தில் தெரியும். பெரிய தோட்டாவைப் போல இதை நாமே வீட்டில் அளந்து நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. ஆலை எதைக் கொடுக்கிறதோ அதுதான்.

வேகம் மாறினால் தாளில் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். வினாடிக்கு 325 மீட்டரில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 12.5 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் வீழ்ச்சி நூற்றுக்கு இரண்டு பங்கு கூடும். ஒரு பெட்டிக்குள் மிக வேகமான தோட்டாவுக்கும் மிக மெதுவான தோட்டாவுக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் 50 மீட்டரில் அவை இரண்டும் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மேலும் கீழுமாக விழும். பன்னாட்டு 50 மீட்டர் இலக்குத்தாளின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர் விட்டமே உடையது என்பதை நினைத்தால், அந்த 8 மில்லிமீட்டரின் கனம் புரியும். 100 மீட்டரில் அதே வித்தியாசம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. உயர்தரத் தோட்டாவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் இந்தச் செங்குத்துச் சிதறலைக் குறைப்பதற்காகத்தான். 50 மீட்டரோடு நிற்பவரைவிட 100 மீட்டருக்குப் போக நினைப்பவருக்கே அந்தப் பணம் அதிகம் பயன்படும்.

ஆனால் பெட்டியின் மேலே அச்சிட்ட பெயர் அந்த ஒற்றுமைக்கு முழு உத்தரவாதம் அல்ல. லாபுவா நிறுவனத்தின் சென்டர் எக்ஸ், மிடாஸ் பிளஸ், எக்ஸ் ஆக்ட் என்ற மூன்று பெயர்களும் ஒரே உற்பத்தி வரிசையில் பிறந்து, சோதனைக் குழல்களில் சுடப்பட்ட பின்னரே தரம் பிரிக்கப்படுகின்றன. புகைக்கூடத்திலிருந்து ஒரே நாளில் இறங்கும் ரப்பர் தகடுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒன்றாம் தரம், மூன்றாம் தரம் என்று அடுக்குவதைத் தோட்டத்தில் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. ஆலையின் சோதனைக் குழலில் மிகச் சிறப்பாகச் சுட்ட தொகுதி எக்ஸ் ஆக்ட் என்ற பெயரைப் பெறுகிறது. அந்தக் குழல் ஆலையில் இருக்கிறது, நம்முடையது ஆயுத அறையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. அங்கே இரண்டாம் இடம் பெற்ற தொகுதி நம் குழலில் முதலிடம் பெறுவது சுடுவோர் அறிந்த செய்தி. ஒவ்வொரு குழலின் உள்விட்டம், குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறம் வெட்டிய சுருள்வரியின் கூர்மை, அதிரும் விதம் ஆகியவை வேறுபடுவதால், ஒரு குழலுக்குப் பொருந்தும் வேகமும் குண்டின்மீது பூசிய மெழுகும் இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆகவே நாம் உண்மையில் வாங்குவது தொகுதி எண்ணைத்தான். பெட்டியின் மடிப்பு ஓரத்தில் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும் அந்த எண், ஒரே எந்திரத்தில் ஒரே மருந்துக் கலவையோடு தொடர்ச்சியாக உருவான தோட்டாக்களைக் குறிக்கிறது. ஈலியின் போட்டித் தோட்டாப் பெட்டிகளில் அந்தத் தொகுதியின் சோதனை வேகமும் கூடவே இருக்கும். ஒரே பெயரின் இரண்டு தொகுதிகளுக்கு இடையிலான வித்தியாசம், சில வேளைகளில், இரண்டு வெவ்வேறு பெயர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும். வணிகரிடம் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்னால் கையிருப்பில் உள்ள தொகுதி எண்களையும், ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மிகச் சிறந்த தொகுதி ஒன்று கிடைத்து, அதில் நான்கு பெட்டிதான் மிச்சம் என்றால் கழகத்துக்கு அதனால் பயன் குறைவு.

விலை விஷயத்தில் நீட்டி எழுத ஒன்றும் இல்லை. வெளிச்சந்தையில் எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் ஒரு பெட்டி, டெனெக்ஸ் பெட்டியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இங்கே இறக்குமதிச் செலவும் வணிகரின் பங்கும் சேர்ந்து வெள்ளிக் கணக்கு மாறும். விகிதம் பெரிதாக மாறாது. எஸ்.கே. தோட்டாவும் லாபுவாவின் .22 தோட்டாவும் ஜெர்மனியின் ஷோனபெக் நகரில், ஒரே குழுமத்தின்கீழ் உற்பத்தியாகின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடாது. ஆனால் நடுத்தர விலையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் கை முதலில் அந்தப் பக்கம்தான் போகும்.

இப்போது சோதனைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலானோரின் முடிவு தடம் புரள்கிறது. சென்ற முறை தளத்தில் ஓர் இளைஞர் மூன்று தோட்டா சுட்டுவிட்டு இலக்குத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“அண்ணே, அஞ்சு சென் காசுக்குள்ள மூணும் அடங்கிடுச்சு. இதையே வாங்கிடலாம்.”

“இன்னும் ஏழு சுடு தம்பி, அப்புறம் பேசலாம்.”

அவர் சுட்டார். நான்காவதும் ஐந்தாவதும் பழைய துளைகளின் விளிம்பைக் கடித்துக்கொண்டே விழுந்தன. ஆறாவது மட்டும் கீழே, சற்று இடப்புறமாக, தனியாக ஒரு கருப்பு வளையத்தோடு உட்கார்ந்தது. பத்தும் முடிந்தபோது மேலே வைத்த காசைச் சுற்றி நான்கு துளைகள் வெளியே நின்றன. தோட்டா கெட்டுப்போய்விடவில்லை, அவர் சுட்டதிலும் குறை இல்லை. மூன்று தோட்டா சொல்லாத உண்மையைப் பத்துத் தோட்டா சொன்னது, அவ்வளவே.

இதற்குக் கணக்கு உண்டு. ஒரு துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்து பத்துத் தோட்டாக் கொத்துகளில், அதாவது ஒரே குறியில் சுட்ட பத்துத் துளைகளின் கூட்டத்தில், சராசரியாக 19 மில்லிமீட்டர் அகலம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே துப்பாக்கியும் அதே தோட்டாவும் ஐந்து தோட்டாக் கொத்துகளில் சராசரியாக 15 மில்லிமீட்டரும், மூன்று தோட்டாக் கொத்துகளில் 12 மில்லிமீட்டரும் தரும். இயல்பான சிதறலின் கணிதமே இப்படி. ஆகவே மூன்று தோட்டாவில் 12 மில்லிமீட்டர் காட்டிய ஒரு வகையையும், பத்துத் தோட்டாவில் 19 மில்லிமீட்டர் காட்டிய இன்னொரு வகையையும் அருகருகே வைத்து முதலாவதே மேல் என்று சொல்பவர், ஒரே பொருளை இரண்டு முறை அளந்துவிட்டு இரண்டாகச் சொல்கிறார். சராசரியைச் சுற்றி ஒவ்வொரு கொத்தும் மேலும் கீழும் ஊசலாடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நல்ல கொத்தைப் படமெடுத்துப் பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தப் படத்தை நாங்களும் எடுக்கிறோம், அது வேறு விஷயம்.

50 தோட்டா கொண்ட ஒரு பெட்டியை வைத்தே ஒரு தொகுதியை நியாயமாகச் சோதித்துவிடலாம். புதிய வகைக்கு மாறும்போது முதல் 15 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட வேண்டும். ஒவ்வொரு ஆலையும் குண்டின்மீது வெவ்வேறு மெழுகைப் பூசுகிறது. விரலால் தொட்டாலே ஒன்று பிசுபிசுக்கும், இன்னொன்று வறண்டு வழுக்கும். குழலுக்குள் பழைய மெழுகின் படலம் தேய்ந்து புதியது படியும் வரை துளைகள் ஒழுங்காகச் சேராது. அதற்குப் பின் பத்துப் பத்தாக மூன்று தாளில் 30 தோட்டா. மிஞ்சும் ஐந்து, காற்று மாறியதால் ஒரு தாளைத் தள்ள நேர்ந்தால் சரிபார்க்க உதவும். மணல்பை மேல் துப்பாக்கியை வைத்து, ஒரே ஆள், ஒரே தொலைநோக்கி அமைப்பில் சுட வேண்டும். மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறிவைத்த புள்ளி பொருந்தும்படி ஒரு டிரேசிங் தாளில் எல்லாத் துளைகளையும் பதிவு செய்தால், 30 துளை கொண்ட ஒரே படம் கிடைக்கும். அதன் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுப்பது, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளுக்கு இடையில் மட்டும் அளவுகோலை வைப்பதைவிட நம்பகமானது. அளவுகோல் அந்த இரண்டு துளைகளைப் பற்றியே சொல்லும். சராசரி தூரம் முப்பதையும் கேட்கும். அப்படி எடுத்த சராசரியில் இரண்டு தொகுதிக்கு இடையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் அதை வித்தியாசமாகவே எண்ண வேண்டாம், மலிவானதை எடுத்துக்கொள்ளலாம்.

நேரமும் ஒரு பொருட்டு. காலை பத்து மணிக்கு முன் தளத்தில் காற்று அசைவதில்லை. இலக்குக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேட்டுக்கு மேலே தெரியும் செம்பனை ஓலைகள் அப்படியே தொங்கும். பதினொன்றுக்கு மேல் தரை சூடாகி, தொலைநோக்கியில் தாளே நீரில் மிதப்பது போலத் துடிக்கத் தொடங்கும். பிற்பகல் இடிமழைக்கு முன்னால் வரும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்கு தொகுதிகளைச் சோதிப்பதென்றால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் வழக்கமான முறையில், கடைசித் தொகுதி கெட்ட நேரத்தில் மாட்டிக்கொண்டு அநியாயமாகத் தோற்கும். மெழுகு மாற வேண்டிய தேவை இருப்பதால் தோட்டாவுக்குத் தோட்டா மாற்றிச் சுடவும் முடியாது. இரண்டு தொகுதி ஒரு காலை, இரண்டு தொகுதி மறுவாரக் காலை, வரிசையை மாற்றி என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

வெப்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் தோட்டாப் பெட்டி இருந்தால் மெழுகு இளகிக் குண்டின் ஒரு பக்கம் வழிந்துவிடும். சூடான வெடிமருந்து வேகத்தையும் கூட்டும். ஆயுத அறையிலிருந்து எடுத்த பெட்டியைச் சுடும் மேசையின் நிழலிலேயே வைத்து, சுட வேண்டியதை மட்டும் வெளியே எடுப்பது நல்லது. குழல் அறைக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டு நெடுநேரம் குறிபார்த்துக்கொண்டிருப்பதும் அதே தீங்கைச் சிறிய அளவில் செய்யும், ஏனெனில் பல தோட்டா சுட்ட குழல் கைசுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். இறுக்கமான போட்டி அறையுள்ள துப்பாக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. குண்டின் மூக்கு சுருள்வரியில் பதிந்துவிடுவதால், சுடாமல் வெளியே இழுக்கும் தோட்டாவின் கூடு மட்டும் வந்து, குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். மருந்தும், குழலின் பின்முனையை அடைக்கும் போல்ட்டுக்குள் கொட்டும். தளத்தில் நிறுத்து என்று கட்டளை வரும் என்று தெரிந்தால் தோட்டாவைப் போடாமல் இருப்பதே நல்லது.

கழகத்துக்கு வெளியே ஒரு கேள்வியும் என்னிடம் வந்தது, அதையும் சேர்த்துவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் குடியேறிவிட்ட மைத்துனர், அங்கே பண்ணை வைத்திருக்கும் நண்பரின் நிலத்தில் முயலையும் நரியையும் உரிய உரிமத்தோடு சுடுகிறார். .17 எச்.எம்.ஆர். வாங்குவதா, .223 வாங்குவதா, எதற்கு ஆலைத் தோட்டா நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டார். முன்னது 2002இல் வந்த தோட்டா; .22 மேக்னம் கூட்டின் கழுத்தைச் சுருக்கி உருவாக்கியது. 17 கிரெயின் குண்டு வினாடிக்கு 777 மீட்டரில் கிளம்புகிறது. அதில் தேர்வு குறைவு என்பதே வசதி: பிளாஸ்டிக் முனையுள்ள 17 கிரெயின், உட்குழிவு முனையுள்ள 20 கிரெயின் என்று இரண்டு மூன்று வகைக்குள் முடிந்துவிடும். எதை எடுத்தாலும் 100 மீட்டரில் முயலின் தலையளவுக்குள் விழும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஒரு கிராமைச் சற்றே தாண்டும் குண்டு என்பதால் காற்று அடிக்கும் திறந்த வெளியில் மட்டும் அது திணறும்.

.223இல் தேர்வு கடல் போன்றது. அங்கே பெயரையும் தொகுதியையும் பார்ப்பதற்கு முன் குழலின் முறுக்கை, அதாவது சுருள்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கிய குழல் 55 கிரெயின் வரை நன்றாக நிலைநிறுத்தும். 69 கிரெயின் போட்டிக் குண்டுக்கு 9 அங்குல முறுக்காவது வேண்டும், 77 கிரெயினுக்கு 8 அங்குலம். எடையைவிடக் குண்டின் நீளமே இதைத் தீர்மானிக்கிறது, அதனால் ஈயம் இல்லாத செம்புக் குண்டுகள் குறைந்த எடையிலும் அதிக முறுக்கைக் கேட்கும். அமெரிக்க ராணுவம் 12 அங்குல முறுக்கிலிருந்து 7 அங்குலத்துக்கு மாறியதும் நீண்ட குண்டுக்காகத்தான். பழைய துப்பாக்கியில் முறுக்கு எழுதப்படாமல் இருந்தால், போல்ட்டைக் கழற்றிவிட்டு, இறுக்கமான துணி சுற்றிய துடைப்புக் கம்பியைக் குழலுக்குள் தள்ளி, கம்பி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று அளந்துகொள்ளலாம். மைத்துனருக்கு நான் எழுதியது இதுதான்: 100 மீட்டருக்குள் முயல் மட்டும் என்றால் .17, நரியும் 200 மீட்டரும் உண்டென்றால்.223, அதில் குழலின் முறுக்குக்குப் பொருந்தும் 55 கிரெயின் பிளாஸ்டிக் முனைத் தோட்டாவிலிருந்து தொடங்கவும்.

கழகத்தின் கொள்முதலுக்கு என் வாக்கு இரண்டாம் வகுப்புக்கு. அனுமதிக்குட்பட்ட அளவில் முக்கால் பங்குக்கு மேல் நடுத்தர விலைத் தோட்டாவில், சோதித்துத் தேர்ந்த ஒரே தொகுதியில் செலவிடலாம். வணிகரிடம் எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸில் இரண்டு தொகுதி, சி.சி.ஐ. ஸ்டாண்டர்டில் ஒன்று, ஈலி கிளப்பில் ஒன்று என்று நான்கு பெட்டியைச் சோதனைக்கு எடுத்து, வென்ற தொகுதியின் மீதியை நமக்காக ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். பணம் கைமாறுவதற்கு முன் இதை எழுத்தில் கேட்பது தவறில்லை. மிச்சமுள்ள பங்கில், மாநிலப் போட்டிக்குப் போகும் இருவருக்காகச் சென்டர் எக்ஸ் வாங்கலாம், அதுவும் சோதனையில் நடுத்தர வகையைத் தெளிவாக வென்றால் மட்டும். டெனெக்ஸ், எக்ஸ் ஆக்ட் ஆகியவற்றைத் தொகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாத நிலையில் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. அவற்றின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை; கண்ணை மூடிக்கொண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பதில்தான் சந்தேகம். பயிற்சியில் ஒருவர் ஆண்டு முழுவதும் ஒரே தொகுதியைச் சுட்டால், துளை விலகும்போது குறை தம் மூச்சிலா விரலிலா என்று தேட முடியும். மாதத்துக்கு ஒரு பெயர் மாறினால் அந்தத் தேடலுக்கே இடமில்லை.

பழைய தொகுதி தீரும் தறுவாயில் கடைசி இரண்டு பெட்டியைத் தொடாமல், தொகுதி எண்ணை மேலே பெரிதாக எழுதித் தனியே வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு புதிய தொகுதிகள் வரும்போது, அன்றைய காற்றிலும் அன்றைய கையிலும் பழையது என்ன சுடுகிறது என்று முதலில் ஒரு பெட்டியால் பார்த்துவிட்டு, அதற்கு எதிராகப் புதியதை அளக்கலாம். சென்ற ஆண்டின் தாளோடு ஒப்பிட்டால் ஆளும் வெயிலும் மாறியிருக்கும். இரண்டாவது பெட்டி, முடிவில் சந்தேகம் வந்தால் மறுவாரம் திரும்பச் சுட்டுப் பார்ப்பதற்கு.